237-ம் நம்பரில் என்ன பாட்டு?

ராத்திரி சாப்பாடு முடிந்து ஈஸிசேரில் சாய்ந்துவிட்டீர்கள். பாட்டு ஓடுகிறது. முக்கால் மணி நேரத்தில் சி.டி. நின்றுபோகிறது. 'இதுக்குன்னு யார் எழுந்து போறது?' என்று அலுத்துக்கொள்கிறீர்கள் இல்லையா? அந்தச் சின்ன சோம்பலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது!

1889, நவம்பர் 23. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மதுக்கடை. லூயி கிளாஸ் என்பவர் எடிசனின் ஃபோனோகிராஃபில் காசு போடத் துளை வைத்து அங்கே நிறுத்தினார். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஒரு உருளை, ஒரே பாட்டு. பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம்! 1940-களின் கடைசியில் சீபர்க் கம்பெனி 50 இசைத்தட்டுகளை வரிசையாக நிற்க வைத்து, இரண்டு பக்கத்தையும் பாடவைத்தது. ஆக, 100 பாட்டு. ஆனால், அது காசு போட்டுக் கேட்கும் கடை சமாசாரம். வீட்டுக்கு?

1982, அக்டோபர் 1-ல் ஜப்பானில் சோனியின் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். ஆனால், இந்தத் தட்டில் ஒரு சௌகரியம். அகலம் வெறும் 12 செ.மீ. ஒரு பக்கம்தான் பாடும். திருப்பிப்போடும் வேலையே கிடையாது. மெஷினுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதலில் ஐந்து, ஆறு தட்டு போடும் 'சேஞ்சர்'கள் வந்தன. 90-களில் அது நூறாகி, இருநூறாகி, அப்புறம் முந்நூறானது. 2000-களின் தொடக்கத்தில் சோனி 400-ஐத் தொட்டுவிட்டது!

உள்ளே ஒரு ராட்டினம். அதில் தட்டுகள் செங்குத்தாக நிற்கும். நீங்கள் நம்பரைச் சொன்னால் ராட்டினம் சுற்றி வரும்; ஒரு கை அந்தத் தட்டை எடுத்து லேஸர் முன்னால் வைக்கும். தட்டுக்கு 74 நிமிஷம் என்று கணக்குப் போட்டால், 400 தட்டும் ஓடி முடிய இருபது நாளுக்கு மேல் ஆகும். அதுவரை எழுந்திருக்கவே வேண்டாம்!

ஆனால், ஒரு சிக்கல். சாதாரண சி.டி-யில் பாட்டு உண்டு, பாட்டின் பெயர் கிடையாது. 1996-ல் 'சி.டி. டெக்ஸ்ட்' வந்து பெயரைச் சேர்த்தது என்றாலும், பெரும்பாலான தட்டுகளில் அது இல்லை. மெஷினைப் பொறுத்தவரை உங்கள் உயிருக்கு உயிரான ஆல்பம் வெறும் 237-ம் நம்பர். அதனால் சில மாடல்களில் கம்ப்யூட்டர் கீ-போர்டையே செருக இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நாமே பெயர் அடிக்க வேண்டும். எழுந்திருக்கச் சோம்பல்பட்டவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 400 பெயர் அடித்தார். வேடிக்கைதான்!

2001, அக்டோபரில் ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டு, சட்டைப்பையில்! எண்ணிக்கையில் நம் ராட்சசன்தான் பெரியவன். தட்டுக்குப் பத்து பாட்டு என்றாலும் நாலாயிரம் ஆச்சே! ஆனால், அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா? ஆட்டம் முடிந்தது.

வருஷங்கள் போகப் போக உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் கெட்டியாகி வழுக்கும். ராட்டினம் நின்றுவிடும். மெஷின் செத்தால் அதன் நினைவில் அடித்து வைத்த பெயர்களும் அதோடு போச்சு. ஆனால், மூடியைத் திறந்தால் தட்டுகள் அத்தனையும் பத்திரமாக இருக்கும். அவை உங்களுடையவை!

இன்றைக்கு மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு போனில் வருகிறது. பெயர் அடிக்கும் வேலையும் இல்லை. சந்தாவை நிறுத்திப் பாருங்கள்... அதில் எத்தனை பாட்டு உங்களுடையது? அந்த 400 பெயரை அடித்த ஆசாமியை இப்போது கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் பரணிலும் பழைய சி.டி-க்கள் தூங்குகின்றனவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். தூசு தட்டி, ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். நோட்டுக்கு பெல்ட் கிடையாது!