மூட்டை முடிச்சும் பங்கீடும்

கோடை விடுமுறைக்கு நம் குடியிருப்பிலிருந்து மூன்று குடும்பங்கள் அந்தமான் போகிறார்கள். இரண்டு வாரமாக வாட்ஸ்அப் குழுவில் அதே பேச்சுதான். கொசு விரட்டி, பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், புளிக்காய்ச்சல், மழை கோட்டு என்று பட்டியல் நாளுக்கு நாள் நீள்கிறது. படிக்கப் படிக்க எனக்கு வேறு இரண்டு பட்டியல்கள் நினைவுக்கு வந்தன. இரண்டும் 1789இல், ஒரே கப்பலில் இருந்து பிரிந்தவை. பவுன்டி என்ற அந்தக் கப்பலில் நடந்த கலகத்தைப் பற்றிச் சினிமா பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். சினிமாவில் சண்டை வரும், காதல் வரும். எத்தனை ராத்தல் ரொட்டி, எத்தனை காலன் தண்ணீர் என்ற கணக்கு வராது. முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தக் கணக்கில்தான் கண் போகிறது.

பவுன்டி ஒன்றும் போர்க்கப்பல் இல்லை. செடி ஏற்றிவரப் போன கப்பல். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த மக்களுக்கு மலிவாகச் சோறு போட வேண்டும். அதற்கு தாஹிட்டித் தீவின் ஈரப்பலா சரிப்படும் என்று ஜோசப் பாங்க்ஸ் போன்ற பெரிய மனிதர்கள் அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். (ஈரப்பலாவை நம் ஊரில் சீமைப்பலா என்றும் சொல்வதுண்டு. பஜ்ஜி போட்டால் நன்றாக இருக்கும்.) 1787 டிசம்பர் 23 அன்று 46 பேருடன் கப்பல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. கேப்டனுக்கு உரிய பெரிய அறையையே செடிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தரையில் ஈயத்தகடு அடித்து, தொட்டிகளிலிருந்து வடியும் தண்ணீர் குழாய் வழியாக வந்து பீப்பாயில் சேரும்படி செய்திருந்தார்கள். நன்னீரில் ஒரு சொட்டு வீணாகக் கூடாது. தாஹிட்டியில் ஐந்து மாதம் தங்கி ஏற்றிய சரக்கின் எண்ணிக்கையை கேப்டன் வில்லியம் பிளை எழுதி வைத்திருக்கிறார்: 1,015 கன்றுகள்; அவை 774 சட்டிகளிலும், 39 தொட்டிகளிலும், 24 பெட்டிகளிலும் இருந்தன. கணக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆனால் அதே கணக்குதான் வினையாகவும் போயிற்று. அந்தக் கப்பலில் பிளையே கேப்டன், பிளையே உக்கிராணக்காரர். சாமான் மிச்சமானால் லாபம் அவருக்கு என்பது அந்தக் காலத்துக் கப்பற்படை ஏற்பாடு. ஆகவே ஒருவர் தட்டில் ரொட்டி குறைந்தால், அது சிக்கனமா அல்லது கேப்டனின் பை நிரம்புகிறதா என்று சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். 1789 ஏப்ரல் 27 அன்று, மேல்தளத்தில் குவித்து வைத்திருந்த தேங்காய்களில் சில குறைகின்றன என்று பிளை கத்தினார். அதிகாரிகளை வரிசையாக நிறுத்தி விசாரித்தார். தமக்கு நெருக்கமாக இருந்த பிளெட்சர் கிறிஸ்டியனையே திருடன் என்றார்.

அன்று இரவு கிறிஸ்டியன் செய்தது வேடிக்கையானது. கலகம் அவருடைய முதல் யோசனை இல்லை. மரக்கட்டைகளைக் கட்டித் தெப்பம் போல ஆக்கி, தனியாகக் குதித்து, பக்கத்துத் தீவு ஏதாவது ஒன்றுக்குப் போய்விடலாம் என்று ஒரு பை தயார் செய்தார். அதில் வாட்டிய பன்றி இறைச்சி கொஞ்சம், ஆணிகள், பாசிமணிகள். இவ்வளவுதான். ஒரு நாள் சாப்பாடு, மிச்சம் எல்லாம் செலாவணி. பசிபிக் தீவுகளில் அன்றைக்கு இரும்பு ஆணிதான் பணம். அந்தப் பை அவிழ்க்கப்படவே இல்லை. விடிவதற்குள் அவர் மனம் மாறி, ஏப்ரல் 28 காலையில் பிளையைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கையைக் கட்டினார்கள்.

இங்கிருந்துதான் நான் சொன்ன இரண்டு பட்டியல்களும் தொடங்குகின்றன.

பிளையோடு 18 பேரை 23 அடி நீளமுள்ள ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். சாமான் எடுக்கக் கொடுத்த நேரம் மிகக் குறைவு. தச்சர் தன் கருவிப்பெட்டியைப் போராடி வாங்கினார். வேறு சிலர் கயிறு, பாய்மரத் துணி, நூல் எடுத்தார்கள். எனக்குப் பிடித்த ஆள் ஜான் சாமுவேல். அவர் கப்பலின் குமாஸ்தா! ஆயுதம் பிடித்தவர்கள் சுற்றி நிற்க, அவர் 150 ராத்தல் ரொட்டியையும் (நம் கணக்கில் 68 கிலோ), ஒரு திசைகாட்டியையும், கோணம் அளக்கும் கருவி ஒன்றையும் சேர்த்தார். அதோடு பிளையின் நாட்குறிப்புகளையும் நியமன உத்தரவையும் அள்ளிக்கொண்டு வந்தார். ‘உயிர் போகிற நேரத்தில் காகிதமா?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தால், கப்பலைத் தொலைத்த கேப்டன் விசாரணைக்கு நிற்க வேண்டும். அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் தன் பெயரைக் காப்பாற்ற எதுவும் இருந்திருக்காது என்று பிளையே பின்னால் எழுதினார். வரைபடங்களையும் துல்லியமான கடற்கடிகாரத்தையும் மட்டும் சாமுவேலால் தொட முடியவில்லை. கலகக்காரர்கள் தடுத்துவிட்டார்கள்.

படகு விலகிய பிறகு எடுத்த இருப்புக் கணக்கு இது: ரொட்டி 150 ராத்தல், இரண்டு ராத்தல் எடையுள்ள பன்றி இறைச்சித் துண்டுகள் 16, ரம் ஆறு குவார்ட், ஒயின் ஆறு பாட்டில், தண்ணீர் 28 காலன், அதாவது நம் வீட்டுக்கு வரும் கேனில் ஐந்து ஆறு. ஆட்கள் 19. பக்கத்தில் இருந்த தோஃபுவா தீவில் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று இறங்கினார்கள். தீவுக்காரர்கள் கல்லால் அடித்து ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். இனி எந்தத் தீவிலும் இறங்க பயம். இனி குறி, ஐரோப்பியர்கள் இருக்கும் திமோர். இடையில் 3,600 கடல் மைலுக்கு மேல்.

பிளை மற்ற 17 பேரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு பங்கீட்டைத் தொடங்கினார். முதலில் குத்துமதிப்பாகத்தான் கொடுத்தார். பிறகு இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைத்து ஒரு தராசு செய்தார். எடைக்கல் வேண்டுமே? படகில் சில கைத்துப்பாக்கிக் குண்டுகள் கிடந்தன. 25 குண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல். ஒரு குண்டு எடைக்கு ரொட்டி ஒரு வேளைக்கு ஒருவருக்கு. பதினெட்டு கிராம்! சுமார் மூன்று மேரி பிஸ்கட் எடை. தண்ணீர் கால் பைண்ட், ஒரு சின்ன காபி டம்ளர். நனைந்து குளிரில் விறைத்த நாட்களில் ஒரு தேக்கரண்டி ரம்.

புயல் வந்தபோது படகு மூழ்காமலிருக்கத் துணிமணி, கயிறு, உபரிப் பாய்களைக் கடலில் எறிந்தார்கள். தச்சர் போராடி வாங்கிய பெட்டியிலிருந்து கருவிகளை வெளியே கொட்டிவிட்டு, அதில் ரொட்டியை வைத்துப் பூட்டினார்கள். பாதி வழியில் பிளை மறுபடி இருப்பு எடுத்தார். அப்போதைய அளவில் 29 நாளுக்கு வரும். இரவுப் பங்கை நிறுத்தினால் 43 நாளுக்கு வரும். நிறுத்திவிட்டார். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். எப்போதாவது ஒரு கடற்பறவை கையில் சிக்கினால் அதைப் பதினெட்டாகப் பிரிப்பார்கள். குடல் ஒரு பங்கு, கால் ஒரு பங்கு என்று இருந்தால் சண்டை வராதா? ஒருவர் துண்டைச் சுட்டிக்காட்டி ‘இது யாருக்கு?’ என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்கும் இன்னொருவர் ஒரு பெயரைச் சொல்வார். கேப்டனுக்குக் குடல் விழுந்தால் கேப்டனுக்குக் குடல்தான்.

ஜூன் 14 அன்று திமோரின் கூப்பாங் துறைமுகத்தில் படகு ஒதுங்கியபோது 18 பேரும் உயிரோடு இருந்தார்கள். ரொட்டி தீர்ந்திருக்கவில்லை. (பிறகு காய்ச்சலில் சிலர் இறந்தார்கள், அது வேறு கதை.)

பிளையை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. வாய் மோசம், அதைப் பல பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேங்காயை எண்ணிக் கலகத்தை வரவழைத்த அதே மனிதர், அதே எண்ணும் பழக்கத்தால் பதினெட்டு பேரைக் கரை சேர்த்தார். கப்பலில் மிச்சம் பிடித்தால் லாபம் அவருக்கு. படகில் அவர் பங்கும் அதே சிரட்டையில்தான் ஏறியது. சென்னையே வறண்ட 2019 கோடையில் லாரித் தண்ணீரை நாம் தளம் தளமாக நேரம் வைத்துத் திறந்துவிட்டது நினைவிருக்கும். செயலாளர் வீட்டுக் குழாயும் அதே நேரத்தில் மூடியதால்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இனி கலகக்காரர்களின் மூட்டை. கப்பல் முழுக்க அவர்களுடையது. 25 பேர் இருந்தார்கள். முதல் வேலையாக ஈரப்பலாக் கன்றுகளைக் கடலில் வீசினார்கள். துபுவாய் என்ற தீவில் குடியேற முடிவு செய்து, சாமான் சேர்க்க தாஹிட்டிக்குத் திரும்பினார்கள். அங்கே கிறிஸ்டியன் ஒரு புளுகு மூட்டையை அவிழ்த்தார்: பிளை வழியில் கேப்டன் குக்கைச் சந்தித்து அவரோடு தங்கிவிட்டாராம், குக் புதிய குடியேற்றம் அமைக்கிறாராம், அவருக்குத்தான் இந்தச் சாமான்களாம். குக் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. தாஹிட்டி மக்கள் நம்பி வாரிக் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கில் பன்றிகள், ஆடுகள், கோழிகள், ஒரு காளையும் பசுவும்கூட. எல்லாம் கொண்டுபோயும் துபுவாய் வாழவிடவில்லை. அவிழ்த்துவிட்ட பன்றிகள் தீவுக்காரர்களின் தோட்டங்களில் மேய்ந்தன. பெண்கள் விஷயத்தில் சண்டை வந்தது. தீவுக்காரர்கள் பலர் செத்தார்கள். செப்டம்பரில் மூட்டையைக் கட்டினார்கள்.

16 பேர் தாஹிட்டியில் இறங்கிக்கொண்டார்கள். கிறிஸ்டியனும் எட்டு பேரும் மறைந்து வாழ ஒரு தீவைத் தேடிக் கிளம்பினார்கள். அவர்களோடு தீவு மக்களில் 6 ஆண்கள், 11 பெண்கள், ஒரு கைக்குழந்தை. இந்தப் பெண்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை. விருந்துக்கு வருவதுபோல் கப்பலுக்கு வந்தவர்களை, இரவோடு இரவாக நங்கூரக் கயிற்றை அறுத்துக் கொண்டுபோனார்கள். இருப்புப் பட்டியலில் மனிதர்களையும் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீவைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு புத்தகம். பிளையின் அறையில் இருந்த பழைய கடற்பயண நூல் ஒன்றில், 1767இல் பார்த்த பிட்கெய்ர்ன் என்ற ஆளில்லாத தீவைப் பற்றி இருந்தது. அதன் இருப்பிடத்தைத் தவறாகக் குறித்திருந்ததால் தேடிக் கண்டுபிடிக்கவே சிரமம். ஒளிந்து வாழ்பவனுக்கு அதைவிட நல்ல முகவரி ஏது? 1790 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்கள். பன்றி, ஆடு, கோழி, கிழங்கு, விதை, இரும்புக் கருவிகள், பாய்த்துணி, செப்புப் பாத்திரம் எல்லாம் இறக்கினார்கள். ஒன்பது பேரில் ஒருவர் தோட்டக்காரர் வேறு. நல்ல மண், மரம், மழை. 23ஆம் தேதி கப்பலைக் கொளுத்தினார்கள். பிளையின் படகோடு ஒப்பிட்டால் இது குபேரன் வீட்டுக் கல்யாணச் சீர்.

நிலத்தைப் பிரித்தபோது ஒன்பது பங்கு போட்டார்கள். ஒன்பதும் வெள்ளைக்காரர்களுக்கு. கூட வந்த ஆறு ஆண்களுக்கு ஒரு அடி நிலமும் இல்லை, வேலைக்காரர்களாக நடத்தினார்கள். பதினோரு பெண்களில் ஒன்பது பேர் ஒன்பது பேருக்கு. மிச்ச ஆறு ஆண்களுக்கும் சேர்த்து மற்றவர்கள். ஒரு வெள்ளைக்காரரின் துணைவி பறவை முட்டை எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்தபோது, அவர் அந்த ஆறு பேரில் ஒருவரின் மனைவியை எடுத்துக்கொண்டார். அதில் இரண்டு கொலை. 1793 செப்டம்பரில் மீதி நான்கு பேரும் துப்பாக்கியைக் கையில் எடுத்து, கிறிஸ்டியன் உட்பட ஐந்து வெள்ளைக்காரர்களைக் கொன்றார்கள். அதன் பிறகு அந்த நான்கு பேரும் மிஞ்சவில்லை.

எஞ்சிய நால்வரில் மெக்காய் என்பவர் செப்புப் பாத்திரத்தை வைத்து ஒரு கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சினார். குடித்தே மனம் பேதலித்துப் பாறையிலிருந்து குதித்தார். குயின்டல் என்பவரை மற்ற இருவரும் கோடரியால் வெட்டினார்கள். யங் ஆஸ்துமாவில் இறந்தார். 1800 முடியும்போது ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான் பாக்கி.

பெண்கள் 1794இலேயே வெளியேறப் பார்த்தார்கள். வீட்டுப் பலகைகளைப் பிடுங்கி ஒரு படகு செய்தார்கள். கடலில் இறக்கியதும் கவிழ்ந்துவிட்டது. திரும்பி வந்து பயிர் வைத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். மரத்தின் உள்பட்டையைத் தட்டித் தட்டித் துணி செய்வது அவர்கள் தாஹிட்டியிலிருந்து கையிலேயே கொண்டுவந்த தொழில். கப்பலின் பாய்த்துணி கிழிந்துபோன பிறகு அந்தத் தீவில் உடுத்தியதும் போர்த்தியதும் அதுதான். அப்படி நெய்யாமல் செய்த துணிகள் சில இன்றும் பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

1808இல் டோபாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே ஒதுங்கியது. ஆளில்லாத தீவு என்று நினைத்தவர்களை, ஆங்கிலம் பேசும் பையன்கள் ஓடத்தில் வந்து வரவேற்றார்கள். சுமார் 35 பேர்: ஆடம்ஸ், பெண்கள், பிள்ளைகள். யங் இறப்பதற்கு முன் கற்றுக்கொடுத்த எழுத்தைக் கொண்டு, ஆடம்ஸ் கப்பலின் பைபிளை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். வந்த கேப்டனுக்கு ஒரு பொருளைக் கொடுத்தனுப்பினார்கள். அன்று காலையில் சாமுவேல் கேட்டும் கொடுக்காமல் பிடுங்கி வைத்த அதே கடற்கடிகாரம். இந்தக் காலம் முழுவதும் அது ஒரு வழியையும் காட்டவில்லை. போக ஒரு கப்பல் இருந்தால்தானே. பல கை மாறி, இப்போது அது லண்டனின் கிரீனிச்சில் இருக்கிறது.

பிட்கெய்ர்னில் இன்றும் சுமார் ஐம்பது பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலும் அந்த வம்சம்தான். அவர்கள் ஊரின் பெயர் ஆடம்ஸ்டவுன். விமான நிலையம் கிடையாது. தாஹிட்டியிலிருந்து மங்காரெவா தீவு வரை விமானம், அங்கிருந்து கப்பல். பழம், விதை, தேன் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு; தீவின் தேனீக்களுக்கு நோய் தொற்றாமல் காப்பாற்றுகிறார்கள். வங்கிக் கிளையும் இல்லை. போகிறவர்கள் நியூசிலாந்து டாலரை நோட்டாக எடுத்துப் போக வேண்டும்.