எஸ்போவின் அடியில் பிறந்த அலை

2018 கோடையில், பின்லாந்தின் எஸ்போ நகரிலுள்ள ஆல்டோ பல்கலைக்கழக வளாகத்துக்கு அடியில் பாறை பல்லாயிரம் முறை அசைந்தது. எஸ்டி ஒன் நிறுவனம் அங்கே 6.1 கிலோமீட்டருக்கு ஆழ்துளை இறக்கி, 49 நாட்களில் சுமார் 18,000 கன மீட்டர் தண்ணீரை உயர் அழுத்தத்தில் செலுத்தியது. அடிப்பாறையின் சூடு 120 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதை வீடுகளுக்குக் கொண்டுவர, இறுகிய பாறைக்குள் தண்ணீர் ஓட வழி வேண்டும்.

பாறையில் ஏற்கெனவே பழைய விரிசல்கள் உண்டு. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும் அவற்றின் இரு முகங்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் பிடி தளர்ந்து, ஒரு முகம் கொஞ்சம் வழுக்குகிறது. அந்த வழுக்கலில் பிறக்கிறது அலை.

பிறக்கும்போதே இரட்டை. மூத்தது பாறையை அமுக்கி விரித்தபடி வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். இளையது பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு, அதில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில் பின்னால் வரும். வேறொரு துளையில் 2 கிலோமீட்டருக்கும் கீழே அதிர்வுமானிகள் வரிசையாகத் தொங்கின. நகரத்தின் வண்டிச் சத்தம் எட்டாத ஆழம் அது. ஒரு வினாடிக்குள் மூத்தது அங்கே வந்துவிடும். இளையது எவ்வளவு பிந்தியது என்பதை வைத்துத் தூரம் தெரியும். சுற்றிலும் புதைத்த மற்றக் கருவிகளின் பதிவும் சேர்ந்தால் வழுக்கிய இடம் கணினியில் ஒரு புள்ளியாக விழும். புள்ளிகள் கூடக் கூட, தண்ணீர் எந்தப் பக்கம் படர்கிறது என்பது புலப்படும்.

சில நிமிடங்களில் அந்தச் செய்தி பம்பை இயக்குவோரிடம் போனது. அலையின் பயணத்தில் முக்கியமான கட்டம் இதுதான் என்பேன். 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த இதேபோன்ற திட்டத்திலும் கருவிகள் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தன. ஆனால் பம்பை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 3.4 அளவு நடுக்கம் வந்தது, கட்டடங்கள் சேதமாயின, 2009இல் திட்டமே கைவிடப்பட்டது. எஸ்போவில் நடுக்கத்தின் அளவு 2.1ஐத் தொட்டால் வேலையை நிறுத்த வேண்டுமென்று அதிகாரிகள் வரம்பு விதித்திருந்தார்கள். அதிர்வுகள் வலுக்கும்போதே அழுத்தத்தைக் குறைத்தார்கள், இடைவெளி விட்டார்கள். மக்கள் சிலருக்கு இடிபோன்ற உறுமல் கேட்டது. மிகப் பெரிய நடுக்கம் 1.9.

பாறை வழுக்கிய இடத்தைத்தான் அலை சொல்லும். வணிகத்துக்குப் போதுமான தண்ணீர் அங்கே ஓடுமா என்று சொல்லாது. எஸ்போவில் ஓடவில்லை. வெப்ப விற்பனைத் திட்டத்தை நிறுவனம் பின்னர் விட்டுவிட்டது.