ஸ்பானியச் சொற்களைக் கற்றலும் நினைவில் நிறுத்தலும்

ஸ்பானியச் சொற்பயிற்சி என்பது, ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழியாகவும், ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா முதலிய 20 நாடுகளில் ஆட்சிமொழியாகவும் விளங்கும் ஸ்பானிய மொழியின் சொற்களை ஒலி, பொருள், பால், தொடரில் அமையும் முறை ஆகியவற்றோடு சேர்த்துக் கற்று, நெடுநாள் மறவாமல் வைத்திருப்பதற்கான முறைகளைக் குறிக்கும். அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகப் பரவலாகக் கற்பிக்கப்படும் அயல்மொழி ஸ்பானியமே ஆதலால், சொல் மறதி பற்றிய நீண்டகால ஆய்வுகளுள் முதன்மையான சில அம்மொழிச் சொற்களைக் கொண்டே நிகழ்ந்துள்ளன. எனவே, எம்முறை பயன் தரும், எம்முறை தராது என்பதை ஊகத்தின்றி ஓரளவு உறுதியாகவே சொல்ல முடிகிறது.

கற்க வேண்டிய சொற்கள் எத்தனை என்னும் கேள்வி முதலில் எழுவது இயல்பு. 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகம் 2014இல் வெளியிட்ட அகராதியின் 23ஆம் பதிப்பில் 93,111 தலைச்சொற்கள் உள்ளன; ஆனால் அவற்றுள் மிகச் சிறு பகுதியே அன்றாட வழக்கில் திரும்பத் திரும்ப வருவது. மார்க் டேவிஸ் என்னும் மொழியியலாளர் 2 கோடிச் சொற்கள் கொண்ட பேச்சு, எழுத்துத் தரவுகளிலிருந்து, மிகுதியாக வழங்கும் 5,000 சொற்களைத் தெரிந்தெடுத்து 2006இல் ஒரு நிகழ்வெண் அகராதியாக வெளியிட்டார். (ஒரு சொல் எத்தனை முறை வழங்குகிறது என்பதன் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்ட அகராதி நிகழ்வெண் அகராதி எனப்படும்.) இத்தகைய வரிசையின் முதல் 1,000 சொற்கள் அன்றாடப் பேச்சில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாக இடம்பெறுகின்றன. அடுத்த ஆயிரமோ அதற்கடுத்த ஆயிரமோ அந்த அளவுக்குப் பயன் தருவதில்லை. ஆகவே முதல் ஆயிரத்தை வரிசைப்படி கற்பதும், அதன்பின் பட்டியலை விட்டுவிட்டு, கற்பவரின் தொழிலுக்கும் படிப்புக்கும் வேண்டிய சொற்களை நாடுவதுமே பொருத்தம். 5,000 சொற்களையும் வரிசை மாறாமல் மனனம் செய்ய முனைவோர் பெரும்பாலும் இடையிலேயே சலித்துவிடுகின்றனர்.

மறதியும் இடைவெளியும்

நினைவைச் சோதனை வழியாக அளந்த முதல்வர் செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்கவுசு ஆவார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, குறித்த கால இடைவெளிகளில் எவ்வளவு எஞ்சுகிறது என்று கணக்கிட்டு, அதன் முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றதை அடுத்த சில மணி நேரங்களில் மறதி செங்குத்தாகவும் பின்னர் படிப்படியாகக் குறைந்தும் செல்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இது மறதிக் கோடு எனப் பெயர் பெற்றது.

பொருளற்ற அசைகளுக்குப் பொருந்துவது, வகுப்பறையில் கற்ற ஒரு மொழிக்கும் பொருந்துமா என்பதை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆரி பாரிக். அவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானியம் கற்ற 733 பேர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் அண்மையில் கற்று முடித்தவர்களும் இருந்தனர், 50 ஆண்டுகளுக்கு முன் கற்று, பின்னர் அம்மொழியை ஏறக்குறையத் தொடாமலே விட்டவர்களும் இருந்தனர். முதல் மூன்று, ஆறு ஆண்டுகளுக்குள் சொற்கள் விரைவாக உதிர்ந்தன. அதன்பின் எஞ்சியவை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு மேலும் பெரிய இழப்பின்றி நிலைத்திருந்தன. இவ்வாறு உறைந்து நிற்கும் பகுதியைப் பாரிக், துருவப் பகுதிகளில் என்றும் உருகாத நிலத்தை ஒப்பிட்டு, நிலைநினைவுக் களஞ்சியம் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினார். எவ்வளவு சொற்கள் அக்களஞ்சியத்தைச் சென்றடைந்தன என்பதை, தொடக்கத்தில் எவ்வளவு ஆழமாகவும் எத்தனை பருவங்கள் நீடித்தும் கற்றனர் என்பதே தீர்மானித்தது.

1987இல் பாரிக், எலிசபெத் பெல்ப்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் தெளிவானது. 50 ஸ்பானியச் சொற்களை ஒரு பிரிவினர் ஒரே அமர்விலும், ஒரு பிரிவினர் ஒருநாள் இடைவெளியிலும், மற்றொரு பிரிவினர் 30 நாள் இடைவெளியிலும் மீண்டும் மீண்டும் கற்றனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் நினைவுகூர்ந்தவை முறையே 6, 8, 15 விழுக்காடு. கற்கும் காலத்தில் மிகுதியாகத் தடுமாறியவர்கள் 30 நாள் இடைவெளியினரே என்பது கருதத்தக்கது: ஒவ்வொரு முறையும் பாதி மறந்த நிலையில் வந்து அமர்ந்தவர்களுக்கே இறுதியில் மிகுதியாக எஞ்சியது. கற்கும்போது எளிதாகத் தோன்றுவது நன்றாகப் பதிகிறது என்னும் பொதுவான எண்ணம் தவறானது என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் நூறு சொற்களை உருப்போட்டவர் மறுநாள் நல்ல மதிப்பெண் பெறலாம். அம்மதிப்பெண் சொற்களின் ஆயுளைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

இடைவெளிகளைப் படிப்படியாக நீட்டிச் செல்லும் முறை பாரிக்கின் ஆய்வுகளுக்கு முன்பே தோன்றியிருந்தது. அமெரிக்க மொழியாசிரியர் பால் பிம்சிலர் 1967இல், ஒரு சொல்லை 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு என வளரும் இடைவெளிகளில் நினைவூட்டும் அட்டவணையை முன்வைத்தார். அவர் பெயரில் வழங்கும் ஒலிப்பாடங்கள் இந்த அடிப்படையில் அமைந்தவை. செபாஸ்தியன் லைட்னர் 1972இல் விளக்கிய அட்டைப் பெட்டி இன்னும் எளியது: ஐந்து அறைகள் கொண்ட பெட்டியில், சரியாக விடை சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறியது முதல் அறைக்கே திரும்பும், பின்னறைகள் அரிதாகவே திறக்கப்படும். போலந்தைச் சேர்ந்த பியோத்தர் வோசுனியாக் 1980களில் இக்கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தார். 2006இல் வெளிவந்த ஆங்கி என்னும் இலவச மென்பொருள் அவர் வகுத்த கணக்குமுறை ஒன்றைத் தழுவியே தொடங்கியது.

அட்டையும் அதில் எழுதுவதும்

இடைவெளி மட்டும் போதாது. அந்த இடைவெளியில் செய்யும் செயலும் முக்கியம். சொல்லையும் பொருளையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிட, பொருளை மறைத்துவிட்டு நினைவிலிருந்து வரவழைக்க முயல்வது மிகுந்த பயன் தருகிறது. செப்ரி கார்ப்பிக், என்றி ரோடிகர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட சோதனையில், 40 சுவாகிலிச் சொற்களை ஒருமுறை சரியாகச் சொன்ன பின்னரும் தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். சோதனையை நிறுத்திவிட்டுப் படிப்பை மட்டும் தொடர்ந்தவர்கள் 35 விழுக்காட்டை ஒட்டியே நின்றனர்.

ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் தமிழ், மறுபக்கத்தில் ஸ்பானியம் என எழுதி, தமிழிலிருந்து ஸ்பானியத்துக்குச் செல்லும் திசையிலேயே மிகுதியாகச் சோதித்துக்கொள்வது நல்லது. ஸ்பானியப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால் சார்ந்தது என்பதால், சொல்லை மட்டும் எழுதாமல் பாலைக் காட்டும் சுட்டுச்சொல்லோடு எழுத வேண்டும். ‘ஓ’வில் முடிவது ஆண்பால், ‘ஆ’வில் முடிவது பெண்பால் என்னும் பொதுவிதி பெரும்பாலும் பொருந்துமாயினும், கை எனப் பொருள்படும் ‘லா மானோ’ பெண்பாலாகவும், நாள் எனப் பொருள்படும் ‘எல் தீயா’ ஆண்பாலாகவும் விதியை மீறுகின்றன. ‘எல் புரோப்ளேமா’, ‘எல் சிஸ்தேமா’ போன்று ‘மா’ என முடியும் கிரேக்க வழிச் சொற்கள் பலவும் ஆண்பாலே. உயிரற்ற பொருளுக்குப் பால் வகுக்காத தமிழில் பிறந்தவருக்கு இதைப் பின்னர் திருத்திக்கொள்வது கடினம். சொல்லின் முதலசையைப் போலவே சுட்டுச்சொல்லையும் கருதித் தொடக்கத்திலேயே பழகுவதே வழி.

வினைகளுக்கு முழுத்தொடரை எழுதுவது சிறந்தது. ஆங்கில வழி கற்போரைத் தடுமாறச் செய்யும் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்னும் தொடரமைப்பு தமிழருக்கு முற்றிலும் பழக்கமானது: ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதில் போலவே இங்கும் காபிதான் எழுவாய், விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ‘மே துவேலே லா கபேசா’ என்பதும் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அவ்வாறே. இத்தொடர்களை ஆங்கிலப் பாடநூலின் சுற்றுவழி விளக்கத்தின் மூலம் கற்பது தமிழருக்கு வீண் உழைப்பு. தமிழ்த் தொடரை அட்டையின் மறுபக்கத்தில் எழுதிவிட்டால் போதும்.

அட்டைகளை அடுக்கும் முறையிலும் பாடநூல்கள் ஒரு பிழை செய்கின்றன. நிறங்கள் அனைத்தும் ஒரே பாடத்தில், பழங்கள் அனைத்தும் அடுத்த பாடத்தில் எனத் தொகுப்பது பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும், பொருளால் நெருங்கிய புதுச்சொற்களை ஒன்றாகக் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்பிக் கற்றல் தாமதமாகிறது என்பதைத் தாமஸ் டிங்கம் 1990களில் நடத்திய சோதனைகள் காட்டின. மாறாக, ஒரே வேரில் கிளைத்த சொற்களை ஒன்றாகக் கற்பது உதவுகிறது. ரொட்டி ‘பான்’, ரொட்டி சுடுபவர் ‘பனதேரோ’, ரொட்டிக்கடை ‘பனதேரியா’. காலணி ‘சப்பாத்தோ’, அதைத் தைப்பவர் ‘சப்பத்தேரோ’, அதன் கடை ‘சப்பத்தேரியா’. ‘ஏரோ’, ‘ஏரியா’ என்னும் இரு ஈறுகளை அறிந்தவர் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளில் பாதியைத் தாமே படித்துவிடுவார்.

இணைசொல் முறை

புதுச்சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல் ஒன்றைத் தெரிந்து, அதனையும் புதுச்சொல்லின் பொருளையும் ஒரே மனக்காட்சியில் பிணைப்பது இணைசொல் முறை எனப்படும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராவ், ரிச்சர்டு அட்கின்சன் ஆகியோர் 1975இல் ஸ்பானியச் சொற்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். வாத்து எனப் பொருள்படும் ‘பாத்தோ’வுக்கு அவர்கள் தந்தது, தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்ட வாத்து, பானையின் ஆங்கிலப் பெயர் ஒலியால் அச்சொல்லுக்கு நெருங்கியது. இம்முறையில் கற்றவர்கள் மற்றவர்களைவிட மிகப் பல சொற்களை நினைவுகூர்ந்தனர்.

ஆங்கிலக் காட்சிகள் தமிழருக்கு அப்படியே பயன்படா. காட்சியை அவரவரே அமைத்துக்கொள்ள வேண்டும். கீரைப் பாத்திக்குள் இறங்கிச் சேற்றைக் கிளறும் வாத்துக் கூட்டத்தை எண்ணிக்கொண்டால் ‘பாத்தோ’ எளிதில் வந்துவிடும். ஸ்பானியத் தகரம் பல்லில் நா படியப் பிறப்பது என்பதால், தமிழின் தகரத்தோடு அது ஒத்துப்போவதும் இதற்குத் துணை. எனினும் இம்முறை கண்ணால் காணத்தக்க பொருட்பெயர்களுக்கே நன்கு பொருந்துகிறது. இடைச்சொற்களுக்கும் நுண்பொருட்களுக்கும் வலிந்து காட்சி புனைவது சொல்லைக் கற்பதைவிடக் கடினமான வேலை. மேலும், சொல் தயக்கமின்றி நாவில் வரத் தொடங்கியதும் காட்சி தானாகவே மறைந்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

உறவுச் சொற்களும் ஏமாற்றும் சொற்களும்

தமிழருக்குச் சில ஸ்பானியச் சொற்கள் கற்கும் முன்பே தெரிந்தவை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயரோடு ஏற்பட்ட தொடர்பால் தமிழில் புகுந்த சொற்கள், அம்மொழிக்கு உடன்பிறப்பான ஸ்பானியத்திலும் சிறு வேறுபாட்டோடு வழங்குகின்றன. மேசை அங்கே ‘மேசா’, அலமாரி ‘அர்மாரியோ’, பொத்தான் ‘போத்தோன்’, ஈழத்தில் இன்றும் வழங்கும் சப்பாத்து ‘சப்பாத்தோ’. கடுதாசியும் அவ்வழி வந்ததாகவே கொள்ளப்படுகிறது. ஸ்பானியத்தில் கடிதம் ‘கார்த்தா’. ஆனால் இவ்வுறவு எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. ஜன்னல் என்னும் சொல்லின் போர்த்துக்கேய மூலத்துக்கு ஈடாக ஸ்பானியத்தில் வழங்குவது ‘வென்தானா’ என்னும் வேறு சொல். தமிழில் எழுதுகோலான பேனாவோ, ஸ்பானியத்தில் ‘பேனா’ என்றால் துயரம். அரிசிக்கு வழங்கும் ‘அர்ரோஸ்’ அரபு வழியே வந்தது. அதன் தொல்மூலம் தமிழ் அரிசியே என்பாரும் மறுப்பாரும் உளர். நினைவுக் கொளுக்கியாகப் பயன்படுத்துவதற்கு அவ்வழக்கு தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆங்கிலம் அறிந்தவருக்கு இலத்தீன் வழிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் எளிதாகின்றன. ஆங்கிலத்தில் ‘ஷன்’ என ஒலித்து முடிபவை பெரும்பாலும் ‘சியோன்’ எனவும், ‘டி’ என முடியும் பண்புப்பெயர்கள் ‘தாத்’ எனவும் மாறி வருகின்றன. ஏமாற்றுபவற்றைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்: ‘எக்சித்தோ’ வெற்றியைக் குறிக்கும், வெளியேறும் வாயிலை அன்று, ‘லிப்ரேரியா’ புத்தகக் கடை, நூலகம் அன்று, ‘எம்பராசாதா’ என்று ஒரு பெண் தன்னைப் பற்றிக் கூறினால் அவர் வெட்கப்படவில்லை, கருவுற்றிருக்கிறார்.

ஒலியும் வட்டார வழக்கும்

ஸ்பானிய எழுத்துமுறை பெரிதும் ஒலிப்படியே அமைந்திருப்பதால் படிப்பது எளிது; அழுத்தம்தான் தமிழருக்குப் புதிது. ‘பாப்பா’ என்பதில் முதலசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, ஈற்றசையை அழுத்தினால் அப்பா. ஒற்றை ரகரமும் இரட்டை ரகரமும் பொருளை மாற்றும்: ‘பெரோ’ ஆனால் எனப் பொருள்படும், நாவை அதிரவிட்டுச் சொல்லும் ‘பெர்ரோ’ நாய். நாளை எனப் பொருள்படும் ‘மஞானா’வில் வரும் மெல்லொலி தமிழின் ஞகரமே என்பதால் அதில் இடர்ப்பாடில்லை. ஒலியைக் கேளாமல் எழுத்தை மட்டும் நம்பிக் கற்ற சொல், பிறர் பேசும்போது காதில் விழுந்தும் அடையாளம் தெரியாமல் போவது வழக்கம். ஆகவே மின் அட்டைகளில் அம்மொழியினரின் குரற்பதிவைச் சேர்ப்பது ஆடம்பரமன்று.

அட்டையில் நாட்டின் பெயரையும் குறிப்பது நல்லது. மகிழுந்து ஸ்பெயினில் ‘கோச்சே’, மெக்சிகோவில் ‘கார்ரோ’, அர்ஜென்டினாவில் ‘அவுத்தோ’. நகரப் பேருந்து மெக்சிகோவில் ‘கமியோன்’, கியூபாவில் ‘குவாகுவா’, அர்ஜென்டினாவில் ‘கொலெக்தீவோ’. மற்ற பல நாடுகளில் ‘கமியோன்’ என்று கேட்பவருக்குச் சரக்குந்துதான் காட்டப்படும். பேருந்தைப் பிடித்தல் என்பதற்கு ஸ்பெயினில் யாவரும் கூசாமல் சொல்லும் ‘கொஹேர்’ என்னும் வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். அங்குச் செல்பவர் அதற்கு மாற்றாகத் ‘தோமார்’ என்பதைப் பழகிக்கொள்வது வழக்கம்.