அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கணும்? பகிர்ந்த ஃபோல்டர்களும் சாவி இல்லாத அதிகாரமும்

கோப்பெங்கில் ஒரு தனியார் கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். முன்மேசையில் இரண்டு கணினி, டாக்டர் அறையில் ஒன்று, கணக்குப் பார்ப்பவரிடம் ஒன்று. எல்லாக் கோப்புகளும் நெட்வொர்க்கில் பகிர்ந்த ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன.

புதிதாக ஒரு பணியாளர் சேர்கிறார். அவருக்கு அந்த ஃபோல்டரைத் திறந்துவிடணும். யாரோ கைதவறி அழித்த கோப்பை மீட்கணும். இன்னொரு கணினியில் திறந்தபடியே மாட்டிக்கொண்ட எக்செல் கோப்பை மூடணும். எல்லாமே இரண்டு நிமிட வேலை. ஆனால் வழக்கமான அமைப்பில் இவற்றுக்கு நிர்வாகியின், அதாவது அட்மினின், அனுமதி வேண்டும். அவரோ 20 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கிறார். வேறு நாலு இடத்துக்கும் அவர்தான் ஆள்.

கடைசியில் பாஸ்வேர்டு வாட்சாப்பில் வந்துவிடும். மறுநாள் அது ஒரு மஞ்சள் தாளில் ஏறி, மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் என்ன ஆபத்து?

அந்த ஒரு பாஸ்வேர்டு இரண்டு நிமிட வேலையோடு நிற்பதில்லை. சம்பளக் கோப்பைத் திறக்கும், நோயாளி பதிவுகளை அழிக்கும், பேக்கப்பையும் அழிக்கும். அந்தக் கணக்கில் உள்ளே இருக்கும்போது யாராவது மோசடி மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கினால், நுழைகிற வைரசுக்கும் அதே அதிகாரம் கிடைக்கும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைவதால் செய்தது யார் என்று பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை.

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று போதும். 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஊடுருவியவர்கள் பலமான ஆட்கள்தான். ஆனாலும் விசாரணைக் குழுவின் 2019 ஜனவரி அறிக்கை சுட்டிக்காட்டிய ஓட்டைகளில் ஒன்று, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு கொண்ட ஓர் அட்மின் கணக்கு. 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே இரண்டு எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள்!

வேலையைக் கொடு, சாவியைக் கொடுக்காதே

'ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும்' என்பது கணினித் துறையில் பழைய விதி. 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக வகுத்தது. பேராக் தோட்டப்புறங்களில் நம் தாத்தா பாட்டிக்கு இது கட்டுரை இல்லாமலே தெரியும். பெரட்டில் ஆள் கணக்கு எடுக்க மண்டோருக்கு அதிகாரம் உண்டு; அதற்காக ஆபீஸ் இரும்புப்பெட்டிச் சாவியை யாரும் அவரிடம் தூக்கிக் கொடுக்கவில்லை.

பள்ளியிலும் பார்த்திருப்பீர்கள். மாணவர் டெலிமா கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், பள்ளியில் பொறுப்பு பெற்ற ஆசிரியரே அதை மாற்றித் தர முடிகிறது. மொத்த அமைப்பின் சாவி புத்ராஜெயாவை விட்டு நகரவே இல்லை. ஒரே ஒரு வேலை மட்டும் பள்ளிக்கு வந்திருக்கிறது.

சரி, கிளினிக்கில் எப்படிச் செய்வது?

விண்டோஸ் சர்வர் என்றால், அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் 'முன்மேசை', 'கணக்கு' என்று குழுக்களுக்குக் கொடுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளரைக் குறித்து, உறுப்பினர் பட்டியலை அவரே மாற்றலாம் என்று ஒரு பெட்டியில் டிக் போட முடியும். அவ்வளவுதான். முன்மேசை மேற்பார்வையாளர் புது ஆளைத் தானே சேர்ப்பார், வேலையை விட்டவரைத் தானே நீக்குவார். வேறெதையும் அவரால் தொட முடியாது. (சேர்த்த பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லையா? ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப நுழையச் சொல்லுங்கள். பாதிப் புகார் அதோடு தீர்ந்துவிடும்.)

குழுவுக்கு 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுக்கவே கூடாது. அனுமதிகளையே மாற்றும் உரிமையும் அதில் அடங்கும். எழுத, திருத்த, அழிக்க 'மோடிஃபை' போதும்.

அழிந்த கோப்பை மீட்பது இன்னும் சுலபம். சர்வரில் ஷேடோ காப்பி வசதியை அட்மின் ஒருமுறை இயக்கி வைத்தால், ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பழைய பதிப்பைப் பயனரே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது பேக்கப் இல்லை, டிஸ்க் போனால் இதுவும் போகும்.

மாட்டிக்கொண்ட கோப்பை மூடுவதுதான் சிக்கல். அதற்கு அட்மின் அதிகாரம் உண்மையிலேயே தேவை. இங்கேதான் பலர் குறுக்குவழி தேடுகிறார்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதற்குள்ளேயே பாஸ்வேர்டை வைத்து, டெஸ்க்டாப்பில் போட்டுவிடுவது. நோட்பேடில் திறந்தால் பாஸ்வேர்டு பல்லிளிக்கும். விண்டோஸின் 'ரன்ஆஸ்' கட்டளையில் பாஸ்வேர்டைச் சேமித்து வைப்பதும் அதே கதைதான். சேமித்த பிறகு அந்தப் பயனர் வேறு எந்த நிரலையும் அதே அதிகாரத்தில் ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட்டே இதில் சூடு பட்டிருக்கிறது. குரூப் பாலிசி வழியாகப் பாஸ்வேர்டைச் சேமித்துப் பரப்பும் வசதியை 2014 மே மாதம் அது நீக்கியது. காரணம், அந்தப் பாஸ்வேர்டுகளைப் பூட்டிய சாவி எல்லோரும் படிக்கக்கூடிய ஆவணத்தில் இருந்தது.

சரியான வழிகள் இருக்கின்றன. யூனிக்ஸில் 1980 வாக்கில் பிறந்து லினக்ஸிலும் இருக்கும் 'சூடோ', இந்தப் பயனர் இந்த ஒரு கட்டளையை மட்டும் அட்மினாக ஓட்டலாம் என்று ஒரே வரியில் எழுத விடுகிறது. விண்டோஸில் பவர்ஷெல்லின் 'ஜஸ்ட் இனஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' அதே வேலையைச் செய்யும். பட்டியலில் உள்ள கட்டளைகள் மட்டுமே ஓடும், யார் எப்போது ஓட்டினார் என்பதையும் பதிவு செய்ய வைக்கலாம். சின்ன இடத்துக்கு எளிய வழி: பயனர் ஒரு கோரிக்கையை மட்டும் போடுவார், சர்வரில் தனிக் கணக்கில் ஓடும் திட்டமிட்ட பணி அதைப் பார்த்து வேலையை முடிக்கும். பயனருக்கு எந்த அதிகாரமும் போவதில்லை.

கவனிக்க வேண்டிய இடம்

அட்மின் அதிகாரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வசதிக்காக அதையும் பகிர்ந்த ஃபோல்டரிலேயே வைத்திருந்தால் கதை முடிந்தது. எழுதும் உரிமை உள்ள யாரும் அதில் தன் வரியைச் சேர்க்கலாம். அடுத்த முறை அது அட்மினாக ஓடும். ஸ்கிரிப்டும் அது இருக்கும் ஃபோல்டரும் அட்மின் மட்டும் எழுதக்கூடிய இடத்தில் இருக்கணும்.

பயனர் தரும் பெயரையும் அப்படியே நம்பக்கூடாது. 'இந்தக் கோப்பை மூடு' என்ற இடத்தில் அவர் வேறொரு ஃபோல்டரின் பாதையைக் கொடுக்கலாம். முன்பே எழுதி வைத்த பட்டியலில் இருந்தால் மட்டும் செய், இல்லையென்றால் மறு. சூடோவில் எழுத்துத் திருத்தி போன்ற நிரல்களை அனுமதிப்பதும் தப்பு. அதற்குள்ளிருந்தே வேறு கட்டளைகளுக்குத் தாவலாம்.

மென்பொருளையும் புதுப்பிக்கணும். சூடோவிலேயே 2011-இல் நுழைந்த ஒரு பிழை 2021 ஜனவரியில்தான் வெளிவந்தது. சாதாரணப் பயனர் முழு அட்மினாக மாற அது வழிவிட்டது.

எங்களிடம் கூகுள் டிரைவ்தானே?

விதி அதேதான். ஷேர்ட் டிரைவில் 'மேனேஜர்' ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். 'கன்டென்ட் மேனேஜர்' கோப்புகளை மட்டும் கையாளலாம். பெரும்பாலோருக்கு இரண்டாவது போதும். தனிப்பட்ட டிரைவிலிருந்து பகிர்ந்த ஃபோல்டர் என்றால் இன்னொரு தொல்லை: கோப்புக்குச் சொந்தக்காரர் அந்தத் தனி ஆள். அவர் மாற்றலாகிப் போய் கணக்கு அழிக்கப்பட்டால் கோப்புகளும் போய்விடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் கிளினிக், கடை, டியூஷன் சென்டர் எல்லாம் 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. உடல்நலத் தகவலுக்கு 'உணர்திறன் மிக்க தரவு' என்று தனி இடம் உண்டு. 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவு பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்கணும். தவறினால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அந்த 72 மணி நேரத்தில் தேட வேண்டிய பதில்கள்: எந்தக் கணக்கு, எப்போது நுழைந்தது, எந்தக் கோப்புகளைத் தொட்டது. நாலு பேரும் ஒரே அட்மின் பெயரில் நுழைந்திருந்தால் பதிவேட்டில் நாலு பேருக்கும் ஒரே பெயர்தான். ஈப்போ ஆள் அடுத்த முறை வரும்போது மஞ்சள் தாளைக் கிழித்து, பாஸ்வேர்டை மாற்றி, குழுக்களை அமைத்துத் தரச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் இன்னும் திறந்து கிடக்கின்றனவா என்றும் அப்படியே பார்த்துவிடச் சொல்லுங்கள்.