பாரமும் தொலைவும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடலூர் என்றால் 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை. சிதம்பரம் என்றால் சோழர் பொன் வேய்ந்த அம்பலம். ஆட்சிகள் எத்தனை மாறினும், இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே மாறாது நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. நெல்லையும் நிலக்கடலையையும் உப்பையும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே அது. இன்று மின்சார லாரி அக்கேள்விக்கு விடையாக வந்து நிற்கிறது. அது உண்மையில் எவ்வளவு உழைக்கும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

பாரம் இழுக்கும் எதனிடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. எவ்வளவு பாரம் இழுக்கும்? எவ்வளவு தொலைவு செல்லும்? மீண்டும் தீனி கொள்ள எவ்வளவு நேரம் நிற்கும்?

மாட்டு வண்டியிடம் முதலில் கேட்போம். நல்ல சோடி எருதுகள் ஒரு டன் அளவு பாரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இழுக்கும். இரவெல்லாம் வண்டிப்பேட்டையில் வைக்கோல் தின்று இளைப்பாறும். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். எனவே அது இரண்டு நாள் பயணம். இந்தக் கணக்கு எத்துணைக் கடுமையானது என்பதற்குச் சான்று பரங்கிப்பேட்டையில் உள்ளது. 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் அங்கு இரும்பு ஆலை நிறுவினார். இரும்புக் கல்லோ சேலத்து மலைகளில் இருந்தது. உலைக்கு வேண்டிய மரக்கரியும் காடு குறையக் குறையத் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. திறமையும் முயற்சியும் இருந்தும் அவ்வாலை நிலைக்கவில்லை. அந்நூற்றாண்டு முடியுமுன்பே ஓய்ந்துவிட்டது. கல்லையும் கரியையும் சுமந்து வரும் செலவு அதன் வீழ்ச்சிக்கு ஒரு முக்கிய காரணமாகும்.

1870களில் இப்பக்கம் வந்த புகைவண்டி மூன்று கேள்விகளுக்கும் புதிய விடை தந்தது. வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் பாலத்தின்மேல் கடந்து, நூற்றுக்கணக்கான டன் சரக்கை ஒரே மூச்சில் இழுத்தது. ஆயினும் அதுவும் இடையிடையே தண்ணீருக்கும் கரிக்கும் காத்து நின்றதே.

மின்விசை பாரம் இழுத்தது எப்போது? நீங்கள் எண்ணுவதைவிட மிக முன்னரே. 1842இல் ஸ்காத்லாந்து நாட்டு ராபர்ட் டேவிட்சன் மின்கலங்களால் ஓடும் இரயில் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அது ஆறு டன் பாரத்தை மணிக்கு நான்கு மைல் வேகத்தில் இழுத்தது. நம் எருதின் நடையைவிட அது விரைவே! அக்கலங்களில் துத்தநாகம் கரைந்து தீர்ந்தது. அதன் செலவு நிலக்கரிச் செலவைப் பன்மடங்கு விஞ்சியது. இயந்திரம் நன்று, தீனி பொல்லாதது என்று அம்முயற்சி கைவிடப்பட்டது.

எனவே மின்விசை வேறு வழி தேடிற்று. தீனியைச் சுமக்காமல், வழிநெடுகக் கம்பியில் உண்டுகொண்டே ஓடியது. 1925இல் பம்பாயிலும், 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலும் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1960களில் அக்கம்பி விழுப்புரம் வரை நீண்டு, அங்கேயே பல பத்தாண்டுகள் நின்றுவிட்டது. 2010இல் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை அகலப்பாதையான பிறகே கடலூரும் சிதம்பரமும் மின்பாதையைக் காணும் வாய்ப்புப் பெற்றன.

நம் மாவட்டத்திலேயே மற்றொரு சான்றும் உண்டு. நெய்வேலியில் 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1962இல் மின் உற்பத்தியும் தொடங்கியது. அங்கே மண்ணை அகழும் மாபெரும் சக்கர இயந்திரங்களும், பழுப்பு நிலக்கரியை அனல்மின் நிலையத்துக்குச் சுமக்கும் நீண்ட வார்ப்பட்டைகளும் மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. வழி மாறாத இடத்தில் மின்விசைக்கு நிகரில்லை என்பது இதனால் விளங்கும்.

வழி மாறும் சாலையில் என் செய்வது? அங்குத் தீனியைச் சுமந்தே தீர வேண்டும். இலித்தியம் மின்கலம் வந்தபின் இது இயல்வதாயிற்று. நம் நாட்டில் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் விற்கும் 'ரைனோ' என்னும் 55 டன் இழுவை வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கலத்தில் 282 யூனிட் மின்சாரம் அடங்கும். ஒருமுறை ஏற்றினால் 198 கிலோமீட்டர் ஓடும் என்று சான்றளிக்கப்பட்டுள்ளது. மாதம் 100 யூனிட் செலவிடும் குடும்பம் ஒன்றுக்கு அது ஏறக்குறைய மூன்று மாத மின்சாரம்! வகுத்துப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 யூனிட். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இருமுறை போய்வர அது போதும். சென்னையிலிருந்து சிதம்பரம் வருவதற்குப் போதாது; இடையில் நின்று மின்னேற்றவேண்டும். 100 கிலோவாட் மின்னேற்றியானால் முழுதும் நிரம்ப ஏறக்குறைய மூன்று மணி நேரம். டீசல் நிரப்பவோ சில நிமிடங்கள்.

மின்னேற்றும் வசதி வலுவாயின் தொலைவு ஒரு தடையன்று. 2023இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமெண்டோ நகரில் பெப்சிகோ நிறுவனம் ஓட்டிய டெஸ்லா லாரி ஒன்று, இடையிடையே மின்னேற்றி, ஒரே நாளில் 1,076 மைல் ஓடியது. இந்தியாவில் விலையே பெருந்தடை. அதனால் நடுவண் அரசு 2025இல் மின்சார லாரிக்கு வண்டியொன்றுக்கு 9.6 இலட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தது.

இனி, நம் மாவட்டத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. முதலாவது, அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பழுப்பு நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. ஆகவே கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் என்பது, உலையில் 4 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பம். பார லாரி ஒரு லிட்டர் டீசலில் மூன்று கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், அது எரிக்கும் வெப்பமும் கிலோமீட்டருக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல்தான். நிலக்கரி மின்சாரம் மட்டுமே கொண்டு ஓட்டினால், சிதம்பரம் தேரோடும் வீதியின் புகை நெய்வேலிக்கு இடம் மாறுகிறதே ஒழிய ஒழிவதில்லை. காற்றும் கதிரவனும் தரும் மின்சாரத்தால் ஓட்டினால் உண்மையாகவே ஒழியும். நெய்வேலி நிறுவனமே சூரிய மின் நிலையங்களை அமைத்திருப்பது நல்ல அறிகுறி.

இரண்டாவது கேள்வி புயலைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, எத்தனையோ சிற்றூர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அவ்வேளையில் அரிசியும் மருந்தும் ஏற்றிவந்தவை டீசல் லாரிகளே. கம்பி அறுந்தால் மின்சார லாரிக்குத் தீனி ஏது? சேமித்து வைக்கும் ஏற்பாடில்லாமல் எல்லாச் சரக்கையும் மின்சாரத்தையே நம்பி ஒப்படைத்தல், புயல் அடிக்கும் கடற்கரைக்குத் தகாது.

முப்பதாண்டுக்கு மேல் பள்ளியில் கணக்கும் வரலாறும் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். புதிய ஊர்தியைக் கண்டு வியப்பவரும் உண்டு, வெறுப்பவரும் உண்டு. நீங்கள் அவ்விரண்டையும் விடுத்து, அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போன வழியே திரும்பிவரும் ஐம்பது, நூறு கிலோமீட்டர் நடைக்கு மின்சார லாரி இன்றே தகுதி பெற்றுவிட்டது. நெடுந்தொலைவுக்கு மின்னேற்று நிலையங்கள் பெருக வேண்டும். மொத்தமாகச் செல்லும் பெரும்பாரத்துக்கு நம் ஊர் வழியே ஓடும் இருப்புப்பாதையே இன்னும் சிறந்தது. உங்கள் ஊர் அரிசி ஆலைக்கும் மீன்பிடி துறைமுகத்துக்கும் சென்று, அங்கு வரும் லாரிகள் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன, எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்று கேட்டு எழுதி வாருங்கள். நாளை இம்மாவட்டத்தின் சரக்கு எதில் ஏறும் என்பதை அக்கணக்கே சொல்லும்.