அயலூரில் ஒரு படி பால்



புது வீட்டில் குடிபுகும் தமிழர் முதலில் அடுப்பில் ஏற்றுவது பால். அது பொங்கி வழிந்த பிறகே அந்தக் கட்டடம் வீடு என்னும் பெயருக்கு உரியதாகிறது. பம்பாயின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாகிலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் சென்று குடியேறிய நம்மவர் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆயினும் அந்த மங்கலப் பாலைக் காய்ச்சுவதற்கு முன்னரே அவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. இவ்வூரில் பால் எங்கே கிடைக்கும்? என்ன விலை? அதை நம்பிக் குழந்தைக்குப் புகட்டலாமா?

இக்கேள்விகளுக்குரிய விடைகள் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தன என்பதே இப்பேச்சின் பொருள். சமையலறைக்குள் அடங்கிவிடும் சிறு செய்தி போல இது தோன்றலாம். ஆனால் நகரத்தில் நாம் கொடுத்த விலையையும் நமக்கு வாய்த்த தேர்வையும் தீர்மானித்தது, நாம் ஒருபோதும் கண்டிராத சிற்றூர்களில், பெயர் அறியாத உழவர்களின் கைக்குச் சேர்ந்த கூலியே ஆகும். அவர்கள் வஞ்சிக்கப்பட்ட வரையில் நாமும் வஞ்சிக்கப்பட்டோம்.

முன்னாளில் நம் ஊர்த் தெருக்களில் பால்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டி வருவார். செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி, அதில் நீர் இல்லையென்று கண்ட பின்னரே வீட்டுப் பெண்மணி கறக்க விடுவாள். கண்ணெதிரே கறந்த பாலை ஆழாக்கால் அளந்து வாங்குவாள். பம்பாயிலோ இந்த நேர்முகத் தொடர்பு அறுந்துபோயிற்று. அங்கே நகரின் நடுவே 'தபேலா' எனப்படும் தொழுவங்களில் எருமைகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. பால் கறப்போரின் மொழி வேறு, அளவை வேறு, பாலும் வேறு. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் கொழுப்பு உண்டென்றால், எருமைப்பாலில் ஆறு ஏழு பங்கு இருக்கும். தயிர் கட்டியாக உறைந்தது. காப்பியின் நிறமும் சுவையும் மாறின. வந்த புதிதில் பலருக்கு இது ஒவ்வவில்லை.

விலையும் கடுமையாகவே இருந்தது. அதற்குத் தொழுவத்தின் கணக்கு ஒரு பெருங்காரணம். கன்று ஈன்ற எருமையை வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கி, நகரத்துத் தொழுவத்தில் கட்டிக் கறப்பார்கள். பால் வற்றியதும், அடுத்த ஈற்று வரையில் அதற்கு நகரில் தீனி போடுவது வேறோர் எருமை வாங்குவதைவிட அதிகச் செலவாகும். எனவே, மேலும் பல ஈற்று ஈனக்கூடிய நல்ல கறவைகள்கூட இறைச்சிக் கூடத்துக்கு விற்கப்பட்டன. கன்றுகளும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. நகரில் வாங்கிய ஒவ்வொரு படிப் பாலின் விலையிலும், அந்தக் கறவை வாழாமற்போன ஆண்டுகளின் விலையும் சேர்ந்தே இருந்தது.

இவ்வளவு விலை கொடுத்தும் கலப்படத்துக்குத் தப்ப முடியவில்லை. எருமைப்பால் இயல்பாகவே கெட்டியாதலால், அதில் சேரும் நீர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பால்மானி என்னும் கருவி உண்டே என்று கேட்கலாம். நீர் சேர்ந்தால் பாலின் அடர்த்தி குறையும். பால்மானி தாழ்ந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் கொழுப்பை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆகையால் முதலில் ஆடையை எடுத்து, பின்னர் அளவாக நீர் வார்த்தால், பால்மானி நல்ல பால் என்றே சான்று கூறும். கொழுப்பைத் தனியே அளந்தாலொழிய இம்மோசடி வெளிப்படாது. வீட்டில் இருப்பவர் அதை எங்ஙனம் அளப்பது? மொழி தெரியாத ஊரில் பால்காரரோடு வழக்காடுவதுதான் எங்ஙனம்?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயின் மக்கள் தொகை பெருகியது. பால் பற்றாக்குறை முற்றியது. 1945-ல் பம்பாய் அரசு பால் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குஜராத்தின் கைரா மாவட்டத்தில், ஆனந்த் என்னும் ஊரில் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கி, குளிரவைத்து, இரயிலில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கொள்முதல் உரிமை பால்சன் என்னும் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. உழவர்களிடம் பால் வாங்கியவர்கள் இடைத்தரகர்கள். காலையில் கறந்த பால் மாலைக்குள் திரிந்துவிடும். ஆகவே கிடைத்த விலைக்கு விற்பதைத் தவிர உழவருக்கு வேறு வழியில்லை. நகரில் நாம் அதிக விலை கொடுத்தோம். சிற்றூரில் அவர்கள் குறைந்த விலை பெற்றார்கள். இடையில் நின்றது நீண்ட இரயில் பாதை மட்டுமன்று.

கைரா உழவர்கள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். உங்கள் பாலை நீங்களே கூட்டுறவு அமைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் கூறிய வழி. 1946 ஜனவரி 4-ஆம் நாள் சமர்கா என்னும் சிற்றூரில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் கூடிற்று. ஊர்தோறும் பால் சங்கம் அமைப்பதென்றும், அரசு சங்கங்களிடம் நேராகப் பால் வாங்க இணங்கும் வரையில் விற்பதில்லையென்றும் முடிவு செய்தனர். பதினைந்து நாள் பம்பாய்க்குப் பால் செல்லவில்லை. அந்நாட்களில் காப்பியின்றித் தவித்த மாதுங்காவாசி, தமக்கு நன்மை விளைவிக்கப்போகும் போராட்டம் அதுவென்று அறிந்திருக்க வழியில்லை. அரசு இறங்கி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராக நின்று ஊர் ஊராக நடந்து அதனை வளர்த்தார்.

இச்சங்கத்துக்குத் துணையாக வந்து வாய்த்தவர் ஒரு தென்னாட்டவர். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன், அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்ததற்கு ஈடாகப் பணியாற்ற 1949 மே 13-ஆம் நாள் ஆனந்துக்கு வந்துசேர்ந்தார். மணமாகாதவர், புலால் உண்பவர், கிறிஸ்தவர் என்ற காரணங்களால் அவ்வூரில் அவருக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றிலேயே அவர் முதலில் குடியிருந்தார். அயலூரில் வீடு தேடி அலைந்த நம்மில் பலருக்கு இந்த அநுபவம் புதிதன்று. கடமைக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிட எண்ணியிருந்தவர், திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தங்கினார். வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கிவிட்டார். நாட்டுக்கெல்லாம் பால் வார்த்த அவருக்குப் பால் அருந்தும் வழக்கம் இல்லை என்பது ஒரு வேடிக்கையான உண்மை.

சங்கத்தை விரைவிலேயே ஓர் இடர் சூழ்ந்தது. குளிர்காலத்தில் எருமைகள் கோடையைவிட இருமடங்குக்கும் மேலாகப் பால் கறக்கும். பம்பாய் அத்தனையையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மிஞ்சிய பாலைத் தூளாக்கினால் கோடைக்கு உதவும். ஆனால் எருமைப்பாலைத் தூளாக்க இயலாது என்பது அயல்நாட்டு வல்லுநர் பலரின் கருத்து. அவர்கள் நாட்டில் எருமை இல்லை. ஆகவே அதை முயன்று பார்க்கும் தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை. குரியனின் நண்பரான எச். எம். தலயா இயலும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-ஆம் நாள் ஆனந்தின் பால்தூள் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 'அமுல்' என்னும் பெயர் நம் சமையலறைக்குள் நுழைந்தது அதன் பின்னரே.

இனி, பம்பாய் நகருக்குள் நடந்த மாறுதலைப் பார்ப்போம். 1949-ல் நகருக்கு வெளியே கோரேகாவில் ஆரே பால் குடியிருப்பு நிறுவப்பட்டது. நகரத் தொழுவங்களில் இருந்த எருமைகளைப் புல்லும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றுவதே அதன் நோக்கம். இதை முன்னின்று நடத்திய தாரா குரோடி, 'டோன்டு பால்' எனப்படும் சமன்செய்த பாலையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு லிட்டர் எருமைப்பாலுடன் கொழுப்பு நீக்கிய பால்தூளையும் நீரையும் முறைப்படி கூட்டினால், நூற்றுக்கு மூன்று பங்கு கொழுப்புள்ள பால் ஏறத்தாழ இரண்டு லிட்டர் கிடைக்கும். அதைக் குறைந்த விலைக்கு விற்கலாம். பால்காரர் சேர்த்ததும் நீர்தானே என்று நம்மவர் அன்று ஏளனம் செய்ததுண்டு. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. அங்கே நீர் மறைவாகச் சேர்ந்தது, சத்து குறைந்தது, விலை குறையவில்லை. இங்கே சேர்ந்த நீரின் கணக்கு வெளிப்படை, கொழுப்பு குறைந்த போதிலும் மற்றைச் சத்துக்கள் தூளால் ஈடுசெய்யப்பட்டன, விலையும் இறங்கிற்று. முழுப்பால் வாங்க இயலாத எழுத்தர் வீட்டுக் குழந்தையின் குவளை இதனால் நிறைந்தது. குரியன், குரோடி, திரிபுவன்தாஸ் மூவருக்கும் 1963-ல் மகசேசே விருது ஒருசேர வழங்கப்பட்டது பொருத்தமே.

தில்லியில் 1959-ல் மைய அரசின் பால் திட்டம் தொடங்கிற்று. விடியற்காலையில் அட்டையும் கையுமாகப் பால் நிலையத்தின் முன் வரிசையில் நிற்பது, தலைநகரில் பணியாற்றிய நம்மவரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாயிற்று. கல்கத்தாவில் பாலுக்கு வேறொரு போட்டி இருந்தது. வங்காளத்தின் புகழ்பெற்ற இனிப்புகளுக்கெல்லாம் அடிப்படை, பாலைத் திரித்து எடுக்கும் சானா. தட்டுப்பாடு முற்றிய 1965-ல், சானாவால் இனிப்புச் செய்வதையே மாநில அரசு தடை செய்தது. ரசகுல்லாவுக்கும் குழந்தையின் பாலுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை ஓர் அரசுக்கே நேர்ந்ததென்றால், பற்றாக்குறையின் கொடுமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனந்தின் முறையை நாடெங்கும் பரப்புவதற்காக 1965-ல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. 1970-ல் 'வெண்மைப் பெருக்கு' எனத்தக்க பெருந்திட்டம் தொடங்கிற்று. அயல்நாடுகளில் மிஞ்சிய பால்தூளும் வெண்ணெய் எண்ணெயும் உலக உணவுத் திட்டத்தின் வழியாக நன்கொடையாக வந்தன. நன்கொடையில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. இலவசத் தூளை மலிவாகக் கரைத்து விற்றிருந்தால், நகரத்தார் சில காலம் மகிழ்ந்திருப்பர். உழவரின் பாலுக்கு விலையில்லாமற் போயிருக்கும். நன்கொடை நின்ற அன்று நகருக்கும் பால் இருந்திராது. ஆகவே அதை உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காத வகையில் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்று, வந்த பணத்தைக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்ப்பதில் செலவிட்டனர். 1974-ல் தில்லியில் மதர் டெய்ரி ஏற்பட்டது. வில்லையை இட்டால் பால் சொரியும் பொறிகளைக் கண்டு சிறுவர்கள் வியந்தனர். குஜராத்தின் பால் இரயில் தொட்டிகளில் கல்கத்தா வரையிலும் சென்றது. தமிழ்நாட்டிலும் ஆனந்தின் முறையில் சங்கங்கள் அமைந்தன. 1981-ல் அவற்றின் இணையம் உருவாயிற்று. அதன் பாலையே நாம் ஆவின் என்கிறோம். கிண்டியில் கற்றவர் குஜராத்தில் வளர்த்த முறை, இவ்வாறு நம் ஊருக்கே திரும்பி வந்தது.

1950-51-ல் நாட்டின் பால் உற்பத்தி 1.7 கோடி டன். 2023-24-ல் அது ஏறத்தாழ 23.9 கோடி டன். 1998-ல் அமெரிக்காவைக் கடந்து முதலிடத்தை அடைந்த இந்தியா, இன்றும் அவ்விடத்திலேயே நிற்கிறது. அட்டையும் வரிசையும் மறைந்தன. எந்த நகரத்துக் கடையிலும் இன்று பால் உறைகள் பல வகையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று பங்கு கொழுப்புள்ளது சமன்செய்த பால். நாலரைப் பங்குள்ளது நிலைப்படுத்திய பால். ஆறு பங்குள்ளது முழுக் கொழுப்புப் பால். காப்பிக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று என்று இல்லத்தில் தேர்ந்துகொள்ள முடிகிறது. கொழுப்பின் அளவு உறையின் மீதே அச்சிடப்பட்டுள்ளது. அன்று பால்மானியால் அறிய இயலாததை இன்று பள்ளிச் சிறுவனும் படித்துச் சொல்கிறான்.

இதனால் குறையெல்லாம் தீர்ந்தன என்று கூறுவதற்கில்லை. கலப்படம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. பால் முழுதும் விற்பனைக்குப் போய்விட்டால், கறப்பவர் வீட்டுக் குழந்தைக்கு என்ன மிஞ்சும் என்னும் கேள்வியும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. விலை அரை ரூபாய் ஏறினாலும் நாம் முணுமுணுக்கிறோம். மாதச் சம்பளத்தில் வாழ்வோருக்கு அது இயற்கையே. ஆயினும் முணுமுணுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நலம்: ஏறிய காசு யார் கைக்குப் போகிறது? இடையில் நிற்பவர்க்கு என்றால் வருந்தலாம். இருட்டில் எழுந்து, எருமைக்குத் தீனியிட்டு, கறந்த பாலைத் தலையில் சுமந்து சங்கத்துக்குக் கொண்டு செல்லும் பெண்மணிக்கு என்றால், நாளைய பாலுக்கு இன்றே நாம் இடும் உறை அது என்று கொள்ளலாம்.

அடுத்த முறை அயலூரில் ஒரு புது வீட்டில் பால் பொங்கும்போது, முதல் கரண்டியைத் தெய்வத்துக்கு வைத்த பின், 1946-ல் பதினைந்து நாள் விற்க மறுத்த அம்மக்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.