சீனத்து விளக்கு விழாவும் ஒரு துறவியின் நாட்குறிப்பும்

திருவிழா ஒன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு உதவும் சான்றுகளுள் யாத்திரிகர்களின் குறிப்புகளுக்குத் தனியான ஓர் இடமுண்டு. ஆண்டுதோறும் நிகழ்வதை விரித்தெழுத வேண்டுமென உள்ளூரார் பல வேளைகளில் எண்ணுவதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கோ யாவும் புதுமை. விளக்கை ஏற்றியவர் யார், அதற்குப் பொருள் கொடுத்தவர் யார், எந்த நேரம் வரையில் மக்கள் வீதியில் உலாவினர் என்பனவற்றை அவர் கூர்ந்து நோக்குகின்றார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து அநுராதபுரத்துக்கு வந்து ஈராண்டு தங்கிய பாஹியன், புத்தரின் புனித தந்தத்தை அபயகிரி விகாரைக்கு எடுத்துச் சென்ற பெருவிழாவையும், அங்கு 90 நாட்கள் இரவு பகலாக எரிந்த விளக்குகளையும் எழுதிவைத்தார். அந்தப் பாஹியன் பிறந்த நாட்டிலும் தொன்மையான விளக்கு விழா ஒன்று உண்டு. அதனைக் கண்டெழுதிய யப்பானியத் துறவி ஒருவரைப் பற்றியதே இப்பேச்சு.

சீனரின் மரபுவழி ஆண்டில் முதல் மாதத்துப் பூரணை இரவே விளக்கு விழாவுக்குரிய இரவு. நமது கணக்கின்படி அது பெரும்பாலும் பெப்ரவரி மாதத்தில் வரும். புத்தாண்டுக் கொண்டாட்டங்கள் அந்த இரவோடு நிறைவெய்துகின்றன. காகிதத்தாலும் பட்டாலும் செய்த கூடுகளை வீடுதோறும் தொங்கவிடுவர். அரிசிமாவினாற் செய்த இனிப்பு உருண்டைகளை உண்பர். கூடுகளில் விடுகதைகளை எழுதி ஒட்டி, விடை கூறுமாறு வழிப்போக்கரை அழைப்பர். இவ்விழா பௌத்த சமயத்தோடு வந்ததென்பர் சிலர். அதற்கும் முந்திய வானுலக வழிபாட்டின் எச்சமென்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது நாடெங்கும் வேரூன்றிவிட்டது என்பதற்குச் சான்று உண்டு. அச்சான்று, விழாவைத் தடைசெய்ய வேண்டுமென்று எழுந்த முறையீடு ஒன்றாகும்.

சுயி வம்சத்து வென் பேரரசரின் காலத்தில் லியூ யூ என்னும் அதிகாரி இம்முறையீட்டைச் சமர்ப்பித்தார். முதல் மாதத்துப் பூரணையில் பறையொலி வானைப் பிளக்கின்றது. தீவட்டிகள் நிலத்தை ஒளிரச் செய்கின்றன. மக்கள் விலங்கு முகமூடி அணிகின்றனர். ஆடவர் பெண்ணுடை தரிக்கின்றனர். உயர்ந்தோரும் தாழ்ந்தோரும், ஆணும் பெண்ணும் வேறுபாடின்றிக் கலக்கின்றனர். குடும்பங்களின் செல்வம் வீணாகின்றது என்பன அவர் எடுத்துரைத்த குற்றங்கள். பேரரசரும் அதற்கிசைந்தார். ஆயினும் விழா அழியவில்லை. வென் பேரரசரின் மகனான யாங் பேரரசரே அதனைத் தமது பெருமையைப் பறைசாற்றும் கருவியாக்கிக் கொண்டார்.

610ஆம் ஆண்டில் அயல்நாட்டுத் தலைவர்கள் பலர் லோயாங் நகரிற் கூடியிருந்தனர். அவர்களை வியப்பில் ஆழ்த்துவதற்காக முதல் மாதத்துப் பூரணையன்று யாங் பேரரசர் பெருங்காட்சி ஒன்றைத் தொடக்கிவைத்தார். 18,000 இசைக்கலைஞர் அந்திமுதல் விடியும்வரை இசைத்தனர். விளக்கொளி வானையும் மண்ணையும் நிறைத்தது. மாதம் முடியும்வரை இது நீடித்தது. சந்தைக் கடைகள் ஒரே சீராக அலங்கரிக்கப்பட்டன. கீரை விற்போர்கூட உயர்ந்த பாய்களில் அமருமாறு பணிக்கப்பட்டனர். உணவுக் கடைக்குச் சென்ற அயல்நாட்டார் விலை கொடுக்க முற்பட்டபோது, இந்நாடு வளம் மிக்கது, உணவுக்கு விலை பெறுவது வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினர். மரங்களிலும் பட்டுத்துணி சுற்றியிருந்தது.

வந்தவர்களுள் அறிவுடையோர் சிலர் இதனைக் கண்டு மயங்கவில்லை. உடலை மறைக்க ஆடையற்ற ஏழைகள் இந்நாட்டிலும் உளரே, மரத்திற் சுற்றிய துணியை அவர்களுக்குக் கொடுத்தாலென்ன என்று அவர்கள் வினவினராம். சந்தை மாந்தர் நாணி, விடை கூற இயலாது நின்றனர் எனச் சீனரின் வரலாற்று நூலே கூறுகின்றது. எட்டாண்டுகள் சென்றதும், 618இல், யாங் பேரரசர் தம்மவராலேயே கொல்லப்பட்டார். அவர் மடிந்த இடம் இன்று யாங்சௌ எனப்படும் நகரம். அந்நகரின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

சுயி வம்சத்துக்குப் பின் தாங் வம்சம் ஆட்சிக்கு வந்தது. அதன் தலைநகராகிய சாங்கான், மதில் சூழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பேட்டைகளாகப் பிரிந்திருந்தது. மாலையில் முரசு ஒலித்ததும் பேட்டை வாயில்கள் மூடப்படும். அதன்பின் தக்க காரணமின்றிப் பெருவீதியில் நடமாடியவருக்குச் சட்டம் விதித்த தண்டனை 20 பிரம்படி. விளக்கு விழாவின் மூன்று இரவுகளிலோ வாயில்கள் திறந்திருந்தன. ஆண்டு முழுவதும் இரவில் தம் பேட்டைக்குள் அடைபட்டிருந்தோர், அம்மூன்று இரவுகளிலும் நகரெங்கும் நடந்து திரிந்தனர். இவ்விழாவை மக்கள் ஏன் அத்துணை விரும்பினர் என்பதற்கு இதுவே தலையாய காரணமெனத் தோன்றுகின்றது. 713ஆம் ஆண்டில் அரண்மனை வாயிலொன்றின் புறத்தே சுமார் 200 அடி உயரமான விளக்குச் சக்கரம் நிறுவப்பட்டதென்றும், அதில் 50,000 விளக்குகள் எரிந்தனவென்றும் அக்காலத்து நூலொன்று தெரிவிக்கின்றது.

அரசர் ஏற்றிய விளக்குகளுக்கு இவ்வாறு கணக்கு உண்டு. மக்கள் ஏற்றிய விளக்குகளைப் பற்றி அறிய, என்னின் என்னும் யப்பானியத் துறவியை நாம் நாட வேண்டும். ஹியேய் மலை மடத்தைச் சேர்ந்த இவர், 838ஆம் ஆண்டில் யப்பானியத் தூதுக்குழுவோடு கடல் கடந்து யாங்சௌ நகரை அடைந்தார். தியந்தாய் மலைக்குச் செல்வதற்கு அரச அனுமதியை எதிர்பார்த்து அந்நகரிலே காத்திருந்தபோது, 839ஆம் ஆண்டின் விளக்கு விழாவைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அன்றாடம் கண்டவற்றைப் பொறுமையோடு எழுதிவந்தவர் அவர்.

கிழக்கு வீதியிலும் மேற்கு வீதியிலும் வீடுதோறும் விளக்கேற்றினர் என்று அவர் குறிக்கின்றார். தமது நாட்டில் ஆண்டின் இறுதி இரவு எவ்வாறிருக்குமோ அவ்வாறே இது தோன்றிற்று என்கின்றார். மடங்களில் புத்தர் முன்னும், மறைந்த ஆசிரியர்களின் உருவப்படங்கள் முன்னும் விளக்கு வைத்து வழிபட்டனர். அவர் தங்கிய மடத்தின் முற்றத்திலும் படிகளின் கீழும் நடைகளின் ஓரத்திலும் எரிந்த அகல்களை எண்ணுவதற்கு அவருக்கு இயலவில்லை. நகரத்து ஆணும் பெண்ணும் நள்ளிரவுக்கும் அஞ்சாது மடத்தினுள் வந்தனர். விளக்கின் முன் தத்தம் தகுதிக்கேற்பக் காசிட்டனர். பின் அடுத்த மடத்துக்குச் சென்று அங்கும் வணங்கிக் காசிட்டனர். இன்னொரு மடத்திலே கரண்டி விளக்குகளும் மூங்கில் விளக்குகளுமாக ஏறத்தாழ ஆயிரம் விளக்குகளைக் கோபுரம்போல அடுக்கியிருந்தனர். அதன் உயரம் ஏழு எட்டு அடியே. அதன் வேலைப்பாட்டை அவர் வியந்து பாராட்டுகின்றார். மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தன.

இக்குறிப்பிலே பேரரசரைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. ஏழையும் தன்னால் இயன்ற காசை இட்டு வணங்கிய விழா அது. விலை பெறாது உணவளித்துப் பெருமை கொண்ட லோயாங் காட்சிக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

பின்னர் நிகழ்ந்ததையும் இத்துறவியே கண்டார். வூசோங் பேரரசர் பௌத்த மடங்களின் செல்வத்தையும் வரிவிலக்கையும் பொறாதவர். தாவோ சமயத்தில் மிகுந்த பற்றுடையவர். 845ஆம் ஆண்டில் அவருடைய ஆணைப்படி 4,600க்கு மேற்பட்ட மடங்கள் இடிக்கப்பட்டன. 260,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டனர். வெண்கலச் சிலைகளையும் மணிகளையும் உருக்கிக் காசு வார்க்குமாறு கட்டளை பிறந்தது. அப்பொழுது சாங்கானில் இருந்த என்னினும் துறவாடை களைந்து நாடு திரும்புமாறு பணிக்கப்பட்டார். செல்லும் வழியில், அவ்வாண்டின் ஆறாம் மாதத்தில், மீண்டும் யாங்சௌ நகரை அடைந்தார். ஆறாண்டுகளுக்கு முன் விளக்கொளியிற் கண்ட அந்நகரத்துத் துறவியர், மழித்த தலையைத் துணியாற் சுற்றிக்கொண்டு தத்தம் ஊருக்கு அனுப்பப்படுவதைக் கண்டார். மடங்கள் இடிபடவிருந்தன, மணிகளை அரசு கணக்கெடுத்துக் கைப்பற்றியது. மக்கள் விளக்கின் முன் காசிட்டு வணங்கிய மடங்களின் மணிகளே காசாகும் காலம் வந்துவிட்டது. இதனை அவர் இரண்டொரு வரிகளில் எழுதி மேற்செல்கின்றார்.

மறு ஆண்டில் வூசோங் இறந்தார், தடையும் தளர்ந்தது. என்னின் 847இல் நாடு திரும்பித் தம் மடத்தின் தலைமைத் துறவியாக உயர்ந்து, 864இல் மறைந்தார். அவருடைய நாட்குறிப்பை 1291ஆம் ஆண்டில் 72 வயது நிரம்பிய முதிய துறவி ஒருவர் படியெடுத்தார். அந்தப் படி எஞ்சியதனாலேயே யாங்சௌ நகரத்து மூன்று இரவுகள் நம் கண்முன் தோன்றுகின்றன.

விளக்கு விழாவும் எஞ்சியது. 967ஆம் ஆண்டில் சோங் வம்சத்தின் முதற் பேரரசர் அதற்கு மேலும் இரண்டு இரவுகளைச் சேர்த்து ஐந்து இரவாக்கினார். இன்றும் சீனர் வாழும் நாடுகளிலெல்லாம் அப்பூரணை இரவில் கூடுகள் ஒளிர்கின்றன. தடையினால் அது அழியவில்லை. அரசரின் ஆடம்பரத்தினாலும் அழியவில்லை. 200 அடிச் சக்கரத்தை மறுமுறை நிறுவ ஓர் அரசு வேண்டும். வீட்டு வாயிலில் அகல் ஒன்றை ஏற்றுவதற்குச் சிறிது எண்ணெய் போதும். அதனை ஏற்றும் கைகள் பல்லாயிரம் இருந்தமையால், மடங்கள் இடிந்த பின்னரும் விளக்கு எரிந்தது.